படிகம் கிடைத்தது, புரதம் என்னுடையது அல்ல

முனைவர் பட்ட ஆய்வின்போது 14 மாதங்களை எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புரதத்துக்காகச் செலவிட்டேன். அது என் புரதம் அல்ல என்று கண்டுபிடிக்க ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் பத்து நிமிடமும் போதும். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இயற்பியல் படித்துவிட்டு உயிர் இயற்பியல் ஆய்வுக்குப் போகலாமா என்று கேட்டு இப்போது சில மாணவர்கள் என்னிடம் பேசுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். நான் ஆய்வு செய்த பல்கலைக்கழகத்தின் பெயரோ நெறியாளரின் பெயரோ இதில் வராது. அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். தவறில் பெரும்பங்கு என்னுடையதும்கூட.

நான் ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். பிளஸ் டூவில் கணினி அறிவியல் பிரிவு எடுத்திருந்ததால் பத்தாம் வகுப்போடு உயிரியலுக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. முதுகலை இரண்டாம் ஆண்டில் திண்மநிலை இயற்பியல் எடுத்த ஆசிரியர் ஒருநாள் பாடத்தை விட்டு விலகி, ஜி. என். ராமச்சந்திரனைப் பற்றிப் பேசினார். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் துறைத் தலைவராக வந்தவர், இரண்டே ஆண்டில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜன் புரதத்துக்கு மூன்று இழை முறுக்கு அமைப்பை முன்வைத்தார். பிறகு 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஃபை, சை என்ற இரண்டு கோணங்களில்தான் திரும்பும்; அணுக்களை ஒன்றுக்குள் ஒன்று புக முடியாத கோலிக்குண்டுகளாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலான கோணச் சேர்க்கைகளுக்கு இடமே கிடையாது. இதை ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது, உயிரியலைக் கோலிக்குண்டுக் கணக்காக மாற்ற முடியும் என்பதே எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அந்தக் கரும்பலகைக்கும் கையில் எடுக்கக்கூடிய ஒரு துளி புரதத்துக்கும் நடுவே எத்தனை லிட்டர் பாக்டீரியாக் கஞ்சி இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

தேர்வைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இங்கேயே தடுமாறுகிறார்கள். சி.எஸ்.ஐ.ஆர்.-யூ.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் இயற்பியல் என்று தனித்தாள் கிடையாது. இயற்பியல் அறிவியல் தாளையோ உயிர் அறிவியல் தாளையோதான் எழுத வேண்டும். நான் இயற்பியலில் எழுதி யூ.ஜி.சி. இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றேன். எழுதும் முன்பே இரண்டு செய்திகளை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேரவிருக்கும் துறை, வேறு பாடத்தில் நெட் தேறியவரைப் பதிவு செய்யுமா என்பது ஒன்று. பின்னாளில் கல்லூரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, உயிர் இயற்பியலில் பெற்ற முனைவர் பட்டத்தை இயற்பியலுக்கு இணையாக ஏற்பார்களா என்பது இன்னொன்று. தமிழ்நாட்டில் பட்டங்களின் இணைத்தன்மைக்குத் தனியே அரசாணை பார்க்க வேண்டியிருக்கும் என்பது எனக்கு ஆய்வேட்டைக் கொடுத்த பிறகே தெரிந்தது.

2016 ஆகஸ்டில் ஒரு புரதப் படிகவியல் ஆய்வகத்தில் சேர்ந்தேன். புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்-கதிரைச் செலுத்தி, அதன் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டறிவதுதான் அங்கே வேலை. முதல் மூன்று வாரம் நான் அளந்த ஒவ்வொரு கரைசலும் தவறு. மைக்ரோ பிப்பெட்டின் பொத்தானை அழுத்தும்போது விரலுக்கு இரண்டு இடங்களில் தடை தெரியும். திரவத்தை உறிஞ்ச முதல் தடை வரை அழுத்த வேண்டும். வெளியேற்றும்போது மட்டுமே இரண்டாவது தடை வரை போக வேண்டும். நான் இரண்டுக்கும் கடைசிவரை அழுத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இருந்த சீனியர் அக்கா ஒருநாள் என் கையைப் பார்த்துவிட்டு, “யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?” என்று கேட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். ஹாமில்டோனியன் எழுதத் தெரிந்தவளுக்குப் பிப்பெட் பிடிக்கத் தெரியவில்லை என்று சிரிப்பார்களோ என்ற அந்த வெட்கம் பிப்பெட்டோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. இயற்பியலில் இருந்து வருகிறவர்கள் முதல் ஆறு மாதத்தை அறியாமையைக் காட்டிக்கொள்வதற்கென்றே ஒதுக்கிவிடலாம். முதலாண்டு மாணவி அபத்தமான கேள்வி கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நான்காம் ஆண்டில் அதே கேள்வியைக் கேட்க வாய் வராது.

எனக்குக் கொடுக்கப்பட்டது காசநோய்க் கிருமியின் ஒரு நொதி. இரண்டு ஆண்டு அதில் உழைத்துவிட்டு வேலை கிடைத்துப் போய்விட்ட ஒரு மாணவர், அந்த நொதியின் மரபணுவைத் தாங்கிய பிளாஸ்மிடை (பாக்டீரியாவுக்குள் செலுத்தக்கூடிய சிறு டி.என்.ஏ. வளையத்தை) உறைபெட்டியில் விட்டுச் சென்றிருந்தார். அவர் ஏன் விட்டுப் போனார், அதுவரை என்னென்ன முயன்றார், எவை தோற்றன என்று நான் கேட்கவில்லை. அவருடைய ஆய்வுக் குறிப்பேடு அலமாரியிலேயே இருந்தது. மூன்றாம் ஆண்டில்தான் எடுத்துப் படித்தேன். நெறியாளரைத் தேர்வு செய்யும்போது அவருடைய கட்டுரைப் பட்டியலைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அவரிடமிருந்து பாதியில் விலகியவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் அரைமணி நேரம் பேசிப்பாருங்கள். யாரோ விட்டுப்போன திட்டத்தை ஏற்பதானால் முதல் வாரத்திலேயே பிளாஸ்மிடின் மரபணு வரிசையை நீங்களே அனுப்பிச் சரிபாருங்கள். எங்களுக்கு அதற்கு ஆன செலவு 600 ரூபாய். என் விஷயத்தில் பிளாஸ்மிட் சரியாகத்தான் இருந்தது. கோளாறு வேறோர் இடத்தில் இருந்தது.

ஈ. கோலி பாக்டீரியாவுக்குள் அந்த மரபணுவை வைத்து 37 டிகிரியில் வளர்த்தால் புரதம் ஏராளமாக உண்டாகும். ஆனால் முழுவதும் கரையாத திரளாகக் குழாயின் அடியில் படிந்துவிடும். வெப்பநிலையை 18 டிகிரிக்குக் குறைத்து இரவு முழுவதும் ஆட்டினால் கொஞ்சம் கரைந்த நிலையில் கிடைக்கும். 6 லிட்டர் வளர்ப்பில் எனக்குக் கிடைத்தது சுமார் 3 மில்லிகிராம். புரதத்தின் ஒரு முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் ஆறைக் கோத்து வைத்திருப்பதால் அது நிக்கல் பிசினில் ஒட்டிக்கொள்ளும், மற்றவை கழுவிக்கொண்டு போய்விடும், பிறகு இமிடசோல் ஊற்றி நம்முடையதைப் பிரித்தெடுக்கலாம் என்பதுதான் பாடம். எடுத்ததை, புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டி நீலச் சாயம் ஏற்றினேன். 25 கிலோடால்டன் அருகே, எதிர்பார்த்த இடத்தில், தடித்த ஒரு பட்டை தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அது ஒன்றன்மீது ஒன்றாக ஒட்டிய இரண்டு பட்டைகள். நெறியாளர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் சிதைஞ்சிருக்கும், பரவாயில்லைம்மா” என்றார். புரத ஆய்வகங்களில் விளங்காத இரண்டாவது பட்டைக்கெல்லாம் சிதைவு என்று பெயர் வைப்பது வழக்கம். நானும் குறிப்பேட்டில் ஜெல்லை ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் “சிதைவு?” என்று எழுதினேன். அந்தக் கேள்விக்குறி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

படிகமாக்கலில் நான் முதலில் ஏமாந்தது உப்பிடம். கண்ணாடிச் சில்லில் ஒரு துளி புரதத்தையும் ஒரு துளி கரைசலையும் கலந்து, 24 குழித் தட்டின் விளிம்பில் கிரீஸ் தடவி, சில்லைத் தலைகீழாகக் கவிழ்த்து மூடுவோம். துளியிலிருந்து நீர் மெல்ல ஆவியாகிக் கீழே இருக்கும் கரைசலுக்குப் போகப் போகத் துளி அடர்த்தியாகும்; நேரம் நன்றாக இருந்தால் படிகம் தோன்றும். 2017 நவம்பரில் ஒரு தட்டில் அழகான பட்டகங்கள் தெரிந்தன. அறை முழுவதும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அவற்றைப் பெரிதாக்க நான்கு மாதம் போராடிய பிறகு, வேறொரு ஆய்வகத்திலிருந்து வந்த அண்ணா ஒருவர் நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் ஒன்றைத் தொட்டார். ‘டிக்’ என்று கல்லுப்பு போல் தெறித்தது. புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி நீர்தான் என்பதால் அது ஊசிக்கு வெண்ணெய் மாதிரி நசுங்கும், உப்புதான் தெறிக்கும் என்றார். புரதத்தை வைத்திருந்த என் தாங்கல் கரைசலில் (பஃபரில்) பாஸ்பேட் இருந்தது, படிகமாக்கும் கரைசல்களின் தொகுப்பில் கால்சியம் இருந்தது. இரண்டும் கலந்தால் என்னவாகும் என்பது பத்தாம் வகுப்பு வேதியியல். பாஸ்பேட் கரைசலோடு படிகத் தட்டு போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் புரதமே கலக்காத துளிகளை வைத்து ஒரு தட்டும் கூடவே போடுங்கள். அதிலும் படிகம் வந்தால் இனிப்பு வாங்க வேண்டாம்.

இந்த நேரத்தில்தான் பணம் நின்றது. இரண்டாண்டு இளநிலை உதவித்தொகை முடிந்ததும் ஒரு குழு நம்மை மதிப்பிட்டு முதுநிலைக்கு உயர்த்த வேண்டும். எனக்கு 2018 ஆகஸ்டில் அது நடந்திருக்க வேண்டும். வெளித் தேர்வாளரின் தேதி கிடைக்கவில்லை, பிறகு கூட்டக் குறிப்பில் ஒரு கையெழுத்து விடுபட்டது, பிறகு கோப்பு ஒரு மேசையில் உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழகம் இணையத்தில் உறுதி செய்தால்தான் பணம் விடுவிக்கப்படும் என்பதால், கோப்பு நகராத ஏழு மாதமும் எனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. விடுதிக் கட்டணத்துக்கு அம்மாவின் வளையலை 45,000 ரூபாய்க்கு அடகு வைத்தோம். பின்னர் நிலுவை மொத்தமாக வந்துவிட்டது, அதில் குறையில்லை. வட்டியை மட்டும் யாரும் தரவில்லை. மதிப்பீட்டுக்கு மூன்று மாதம் முன்பே தேதி கேட்டு அலையத் தொடங்குங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் பெறுகை முத்திரை வாங்குங்கள். உதவித்தொகை வரும் காலத்தில் ஆறு மாதச் செலவை ஒதுக்கி வையுங்கள். 2023 ஜனவரி முதல் இளநிலைக்கு 37,000 ரூபாயும் முதுநிலைக்கு 42,000 ரூபாயும் என்று உயர்ந்துவிட்டது. எனக்கு முதலில் வந்தது 25,000. தொகை உயர்ந்தாலும் கோப்பு நகரும் வேகம் உயர்ந்ததாக இப்போதிருக்கும் மாணவர்கள் சொல்லவில்லை.

2019 ஏப்ரலில் மெய்யான புரதப் படிகங்கள் வந்தன. இம்முறை ஊசியால் குத்தினேன், நசுங்கியது. நான் அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. அக்டோபருக்குள் எங்கள் வளாகத்திலிருந்த எக்ஸ்-கதிர் கருவியிலேயே 2.3 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்துக்குத் தரவு கிடைத்தது. இனி மூன்று மாதத்தில் அமைப்பு முடிந்துவிடும் என்று எல்லோரும் நம்பினோம். எக்ஸ்-கதிர் படங்களில் புள்ளிகளின் செறிவுதான் பதிவாகும். அலைகளின் கட்டம் பதிவாகாது; அது இல்லாமல் அமைப்பைக் கணக்கிட முடியாது. அந்தக் கட்டத்தை, ஏற்கெனவே அமைப்பு தெரிந்த உறவுப் புரதம் ஒன்றிலிருந்து கடன் வாங்குவது வழக்கம். நானும் வாங்கிப் பார்த்தேன். எந்த உறவுப் புரதத்தை வைத்தாலும் ஆர்-ஃப்ரீ என்ற பிழை அளவு 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஒற்றுமை குறைந்த உறவு, அதனால்தான் என்று காரணம் சொல்லிக்கொண்டோம். பிறகு, கன அணுக்களைப் புகுத்திக் கட்டத்தை நேரடியாகவே கண்டுபிடிக்கலாம் என்று பாதரச உப்பில் படிகங்களை ஊறவைத்தேன். பத்தில் எட்டு விரிசல் விட்டன. கடைசியாக, அதே நோக்கத்துக்காகப் புரதத்துக்குள்ளேயே செலினியத்தைச் சேர்க்க, செலினியம் கலந்த மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை 19,000 ரூபாய்க்கு வாங்கினோம். மிகச் செறிவான எக்ஸ்-கதிர் தரும் இந்தூரின் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் ஏப்ரல் 2020-க்கு நேரம் ஒதுக்கிக் கிடைத்தது. திரவ நைட்ரஜன் நிரம்பிய டியூவர் குடுவையில் 40 படிகங்களை லூப்களில் உறையவைத்துத் தயாராக இருந்தேன்.

மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய வாரமே விடுதியைக் காலி செய்யச் சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்கள். டியூவர் குடுவைக்கு வாரம் ஒருமுறை நைட்ரஜன் ஊற்ற வேண்டும், ஊற்ற ஆளில்லை. ஏப்ரல் நடுவில் காவலர் ஒருவரைக் கெஞ்சி மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். “உள்ள ஒண்ணும் புகையலையேம்மா” என்றார். நாற்பது படிகமும் போயிற்று. இரண்டு நாள் சாப்பிடவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்ட அப்பாவுக்கு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய ஒரு பொருள் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உருகிவிட்டது என்றா சொல்வது?

ஜூன் மாதம், வேறு வேலை இல்லாததால், பழைய தரவை மடிக்கணினியில் மறுபடி திறந்தேன். படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் சிறு பெட்டியான அலகுக்கூட்டுக்கு மூன்று பக்க நீளங்களும் மூன்று கோணங்களும் உண்டு. புரதத் தரவு வங்கியில் இருக்கும் எல்லாப் படிகங்களின் அலகுக்கூடுகளோடும் நம்முடையதை ஒப்பிட்டுப் பார்க்கும் இலவசச் சேவைகள் இருக்கின்றன. பொழுதுபோகாமல்தான் எண்களை உள்ளிட்டேன். முதல் வரியில் வந்த பெயர் ‘யோட்-ஏ’. மூன்று பக்கங்களும் ஒரு விழுக்காட்டுக்குள் பொருந்தின. அது காசநோய்க் கிருமியின் புரதம் அல்ல. நான் கஞ்சி காய்ச்சி வளர்த்த ஈ. கோலி பாக்டீரியாவின் சொந்தப் புரதம். அதன் அமைப்பை எடுத்து என் தரவில் பொருத்தினேன். எட்டு மாதம் அசையாத ஆர்-ஃப்ரீ ஒரே சுற்றில் 31-க்கு இறங்கியது. எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தில் டிரிப்டோபான் அமினோ அமிலங்களின் இரட்டை வளையம் துல்லியமாகத் தெரிந்தது. மூன்று ஹிஸ்டிடின்கள் சூழ நின்ற இடத்தில் ஓர் உலோக அயனி பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது: உலோகத்தைப் பிடிப்பதே அதன் தொழில் என்பதால்தான் நிக்கல் பிசினைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழக்கதோஷத்தில் ராமச்சந்திரன் வரைபடமும் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் அனுமதிக்கப்பட்ட இடத்திலேயே விழுந்தன. அமைப்பு சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை அந்த வரைபடம் சொல்லும். அது யாருடைய புரதம் என்பதை அது சொல்லாது. எந்த உருகலுக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேனோ அந்த நாற்பது படிகங்களும் என்னுடையவை அல்ல என்று தெரிந்தபோது, சிரிப்புதான் வந்தது. அழுகை அடுத்த நாள் வந்தது.

இது அபூர்வமான விபத்து என்று நினைத்திருந்தேன். தேடிப் படித்தபோது, படிகவியலில் இது நெடுநாள் அறிந்த கதை என்று தெரிந்தது. நிக்கலில் ஒட்டும் ஈ. கோலிப் புரதங்களுக்குப் பட்டியலே இருக்கிறது; சவ்வுப் புரதம் எடுப்பவர்களை ஏ.சி.ஆர்.-பி என்ற இன்னொன்று இப்படியே ஏமாற்றியிருக்கிறது. காரணம் எளிமையானது. 5 மில்லிலிட்டர் நிக்கல் பிசின் நூறு மில்லிகிராமுக்கு மேல் புரதத்தைப் பிடிக்கும். அதில் என்னுடையது 3 மில்லிகிராம்தான் என்றால் மீதி இடமெல்லாம் காலி. காலி இருக்கையில் யாராவது உட்காரத்தான் செய்வார்கள். விளைச்சல் குறைவாக இருக்கிறதே என்று நான் பிசினைக் கூட்டியது நிலைமையை மோசமாக்கியது; குறைத்திருக்க வேண்டும். இரண்டு புரதங்களுக்கும் எடை கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஜெல்லும் ஏமாற்றியது. அலகுக்கூட்டில் எத்தனை மூலக்கூறு அடங்கும் என்ற கணக்கும் பொருத்தமாகவே வந்தது. கலவையில் சிறுபான்மையாக இருப்பது படிகமாகாது என்று நான் நினைத்திருந்ததும் தவறு; எது எளிதில் அடுக்கிக்கொள்கிறதோ அதுதான் படிகமாகும்.

ஆகவே, முதல் படிகம் வந்த வாரத்திலேயே நீங்கள் செய்ய வேண்டியது இது. நான்கைந்து படிகங்களை எடுத்து, தாய்க் கரைசலில் (படிகம் வளர்ந்த அதே கரைசலில்) மூன்று முறை கழுவி, நீரில் கரைத்து, அது எந்தப் புரதம் என்று எடையை வைத்துச் சொல்லும் நிறை நிறமாலைக்கு அனுப்புங்கள். நான் கடைசியில் அனுப்பியபோது 3,500 ரூபாய் ஆனது. ஒன்பது நாளில் பதில் வந்தது. முதல் எக்ஸ்-கதிர்ப் படத்திலேயே அலகுக்கூடு தெரிந்துவிடும், அதை அன்றே தரவு வங்கியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டச் சிக்கல் தீராமல் இழுத்தால், உறவுப் புரதத்தைக் குறை சொல்லும் முன் ‘கான்ட்டாமைனர்’ போன்ற சேவையில் தரவைக் கொடுத்துவிடுங்கள். வழக்கமாக நுழையும் அந்நியப் புரதங்களோடெல்லாம் அது பொருத்திப் பார்த்துச் சொல்லும். நிக்கலோடு நிறுத்தாமல், மின்னேற்ற அடிப்படையில் பிரிக்கும் இன்னொரு படியையும் சேருங்கள். இவற்றில் எதுவும் கடினமானதோ ரகசியமானதோ அல்ல. எங்கள் ஆய்வகத்தில் அதுவரை எடுத்த புரதங்களெல்லாம் ஏராளமாக விளைந்தவை. அதனால் எவருக்கும் இந்தப் பழக்கம் தேவைப்பட்டிருக்கவில்லை. ஓர் ஆய்வகத்தின் அனுபவம் அங்கே வெற்றி பெற்ற திட்டங்களால் ஆனது என்பதை நான் யோசித்ததில்லை.

நெறியாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஜெல்லைப் பாத்தப்பவே சந்தேகமா இருந்தா சொல்லியிருக்கணும்மா” என்றார். நான் கொதித்துப்போனேன், பரவாயில்லை என்றவர் அவர்தானே. ஆனால் இரவு குறிப்பேட்டின் புகைப்படத்தைத் திறந்து பார்த்தபோது, என் கேள்விக்குறியை நான் அவருக்குக் காட்டவே இல்லை என்பதும் உண்மையாகத்தான் இருந்தது. அவர் சொன்னது முழு நியாயம் என்று இன்றும் நினைக்கவில்லை. இருந்தாலும், அதன் பிறகு வாரக் கூட்டத்துக்குப் போகும்போது விளங்காதவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய், முதல் பத்து நிமிடத்தில் அதைப் படித்துவிடுவேன்.

அக்டோபரில் திரும்பி, முனையில் இருந்த 18 அமினோ அமிலங்களை வெட்டி, நிக்கலுக்குப் பதில் கோபால்ட்டுக்கு மாறினேன். தூய்மையான புரதம் கிடைத்தது, படிகம் கிடைக்கவில்லை. 2021 ஜூலையில், செயற்கை நுண்ணறிவால் கணித்த புரத அமைப்புகளைக் கொண்ட ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளம் திறந்தபோது, முதல் நாள் பட்டியலில் இருந்த உயிரிகளில் காசநோய்க் கிருமியும் ஒன்று. தேடினேன், என் நொதியின் கணிக்கப்பட்ட அமைப்பு நம்பகத்தன்மைக்கான நிறங்களோடு திரையில் சுழன்றது. ஐந்தாண்டு உழைப்பு பொருளற்றுப் போனது என்று நண்பர்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருந்து மூலக்கூறு எங்கே, எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று அந்தப் படம் சொல்லவில்லை. என்னிடம் தூய புரதம் இருந்தது. பிணைப்பின் வெப்பத்தை அளக்கும் கருவியிலும் உடனொளிர்வு அளவீட்டிலும் எட்டு மாதம் உழைத்து ஆய்வேட்டை முடித்தேன். ஒரே முறையை நம்பி முழு ஆய்வேட்டையும் கட்டாமல், படிகம் வராவிட்டாலும் நிற்கக்கூடிய இரண்டாவது வேலையை முதலாண்டிலேயே தொடங்கியிருந்தால் இந்த எட்டு மாதமும் மிச்சமாகியிருக்கும். கொரோனாவுக்காக ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் காலநீட்டிப்பு கிடைத்ததே தவிர உதவித்தொகை ஐந்தாண்டோடு நின்றுவிட்டது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு சமர்ப்பிக்கும் வரை 11 மாதம், மாதம் 35,000 வீதம் 3,85,000 ரூபாய். மாலையில் நெட் பயிற்சி வகுப்பெடுத்து அதில் மூன்றில் ஒரு பங்கை ஈட்டினேன்.

யோட்-ஏ கதையை ஆய்வேட்டில் ஓர் இணைப்பாகச் சேர்த்தேன். நெறியாளருக்கு விருப்பமில்லை, வேண்டாம் என்று தடுக்கவுமில்லை. 2023 ஜனவரியில் நடந்த வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் என் பிணைப்பு அளவீடுகளைப் பற்றி இரண்டு கேள்வி மட்டும் கேட்டுவிட்டு, நேராக இணைப்புக்குப் போனார். ஜெல் படத்தில் விரல் வைத்து, இந்த இரட்டைப் பட்டையை முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். 2017 செப்டம்பர் என்றேன். நிறை நிறமாலைக்கு அனுப்பியது எப்போது என்று கேட்டார். 2020 நவம்பர் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எங்க லேப்ல எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சும்மா, ஆனா நாங்க தீசிஸ்ல எழுதலை” என்றார்.